ஒரு சாண் உள்ளே

"அந்தப் பக்கத் தண்டவாளத்துல மாட்டு," என்றார் ரயில்வே இன்ஸ்பெக்டர்.

கூடாரக்காரர் அளக்கும் டேப்பின் கொக்கியை வாங்கிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து ஜல்லி மேட்டில் ஏறினார்.

பிடிக்க வேறு ஆள் இல்லை. இன்ஸ்பெக்டரோடு வந்த நான்கு பேரும் லாரி நிழலை விட்டு அசைவதாக இல்லை. அதனால் தன் கூடாரத்தை யார் பிடுங்குவது என்று தீர்மானிக்கும் டேப்புக்கு அவரே ஒரு முனையைப் பிடிக்கும்படி ஆயிற்று.

பாதையோரம் இருந்த மற்ற கூடாரங்கள் எல்லாம் லாரியைப் பார்த்ததுமே மூட்டை கட்டிவிட்டன. இவர் மட்டும் அது ரயில்வே லாரி என்று தெரிந்ததும் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து நின்றார்.

அந்த இடத்துக்காக ரயில்வேயும் நகராட்சியும் இரண்டு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. உங்கள் இடம், நீங்கள்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று இவர்கள். இல்லை, உங்களுடையது என்று அவர்கள். பாதையிலிருந்து பதினைந்து மீட்டர் வரை ரயில்வே, தாண்டினால் நகராட்சி. எல்லைக்கல்லை எவனோ எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். கடைசியில், கூடாரத்தின் நடுக்கம்பு யார் பக்கம் நிற்கிறதோ அவர்கள் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு இன்று அளக்க வந்திருந்தார்கள்.

நகராட்சியிலிருந்து வந்த மேற்பார்வையாளர் அம்மாவுக்கு ஒரு தலைவலி இருந்தது. நகராட்சி இடத்திலிருந்து ஓர் ஆளை அப்புறப்படுத்த வேண்டுமானால், முதலில் காப்பகத்தில் அவருக்கு ஒரு படுக்கை கொடுத்தாக வேண்டும். அது விதி. ரயில்வேக்கு அந்த வம்பு கிடையாது. எச்சரிக்கை ஒட்டி, கெடு முடிந்ததும் லாரியை அனுப்பினால் போதும்.

கெடு நேற்றோடு முடிந்திருந்தது.

இந்த வித்தியாசத்தைக் கூடாரக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. அளக்கிற விஷயத்தில் அவருக்கு என்ன வேலை என்று இருவருமே இருந்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு அன்று உடம்பு வளையவில்லை. கூடாரத்தைப் பிரிக்க வேண்டும், குப்பையை அள்ள வேண்டும், படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும். இந்த வெயிலில் யாரால் ஆகும்? இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவிலிருந்து அளப்பதுதான் முறை. அவர் தூரத்துத் தண்டவாளத்தில் மாட்டச் சொன்னார். நகராட்சி அம்மா அதைக் கண்டாரா?

அந்தக் கூடாரக்காரருக்கு அன்று துணை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். இன்ஸ்பெக்டரின் சோம்பேறித்தனம்.

நடுக்கம்பு வரை டேப்பை இழுத்துப் பிடித்து இன்ஸ்பெக்டர் படித்தார். பதினைந்து மீட்டர் அறுபது.

"உங்க எடம்தான் மேடம்."

அந்த அம்மா குனிந்து தானும் ஒருமுறை பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டுத் தோள்பைக்குள் கையை விட்டார்.

அப்போதுதான் மேட்டிலிருந்து குரல் வந்தது.

"சார், அளவு தப்பு சார்! நடுவுல இருந்துல்ல பிடிக்கணும்? இருபத்திரண்டு வருசம் தண்டவாள வேலையில கேங்மேனா இருந்தவன் சார் நான். இது நம்ம ரயில்வே எடம். தங்க ஒரு மூலை குடுங்கன்னு ரயில்வேக்கு மனுகூடப் போட்டிருக்கேன்!"

இன்ஸ்பெக்டர் முறைத்தார். கண்ணைக் காட்டினார். உதட்டில் விரலைக்கூட வைத்துப் பார்த்தார். நாசமாய்ப் போகிறவன், அவனுக்குப் புரியவே இல்லை.

நகராட்சி அம்மாவின் கை பைக்குள்ளேயே நின்றது. அவர் சொல்கிற மாதிரியே ஒருமுறை அளந்துவிடலாமே என்றார், தேன் ஒழுக.

கூடாரக்காரர் மண்டியிட்டார். இடுப்பிலிருந்த கயிற்றை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே பிடித்து, பாதியாக மடித்து, குறுக்குக் கட்டையில் நடுவைக் கல்லால் கீறினார். கொக்கியை அந்தக் கீறலில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். கை கொஞ்சமும் ஆடவில்லை.

பதினான்கு எண்பது. எல்லைக்கு ஒரு சாண் உள்ளே.

நகராட்சி அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் அளவை எழுதினார். ரயில்வே பொறுப்பு என்று எழுதி அடிக்கோடும் போட்டார். கீழே தன் கையெழுத்து. சாட்சிக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கூடாரக்காரரிடமே நீட்டினார்.

வருகைப் பதிவேட்டில் இருபத்திரண்டு வருடம் போட்டுப் பழகிய கை. சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, எழுத்து கோணாமல் போட்டார்.

காகிதம் கடைசியாக இன்ஸ்பெக்டரிடம் வந்தது. பின்பக்கத்து முத்திரை நீலமாக ஊறித் தெரிந்தது. அவர் திருப்பிப் பார்த்தார்.

நகராட்சிக் காப்பகம். படுக்கை எண் ஒன்பது. இன்று முதல். ரயில் பாதையோரம் வசிப்பவர், இடது கால் ஊனம்.

அந்த அம்மா தன் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்தார். காகிதத்தை மறுபடி திருப்பி, கீழே தானும் கையெழுத்துப் போட்டார். பிறகு லாரியைப் பார்த்துக் கையை அசைத்தார்.

கூடாரக்காரர் டேப்பைத் துணியால் துடைத்து, முறுக்கு விழாமல் சுற்றி, இரண்டு கையாலும் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். லாரி தன் கூடாரத்தை நோக்கித் திரும்புவதைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"சாமான் கொஞ்சம்தான் சார். ஒரே நடையில ஏத்திடலாம்."