மின்சாரச் சீர்

மாதாமாதம் கட்டும் பணத்தில் மிச்சமாவதை மின் கம்பெனி திருப்பித் தராது. வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமானால் மட்டும் அதைப் புகுந்த வீட்டு மீட்டருக்கு மாற்றிவிடும். அதனால் சங்கவி பிறந்ததிலிருந்து ஏகாம்பரம் வீட்டில் யாரும் மின்விசிறி போட்டதில்லை. அழகுக்கு ஒன்று தொங்கியது.

வேலூரின் கத்திரி வெயிலில் பெண் பார்க்க வந்தவர்கள், வியர்வையைத் துடைத்துக்கொண்டே முதலில் மீட்டரைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

"நல்லாவே சேத்து வெச்சிருக்கீங்க, சம்பந்தி" என்றார், பஜ்ஜியைக் கடித்தபடி.

சங்கவிக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "உங்க வீட்ல ஃபேன் போடுவீங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாள். "நாளைக்கு உனக்கும் ஒரு பொண்ணு பொறக்கும்ல? அதுக்குச் சேக்க வேணாமா?"

சங்கவி காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் சுவிட்சைப் போட்டாள். இத்தனை வருடத் தூசியும் பஜ்ஜியின் மேல் உதிர்ந்தது. பிறகு காற்று வந்தது.

"ஐயோ, நிறுத்தும்மா!" என்று ஏகாம்பரம் பதறினார்.

அவள் நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் அப்பா விருட்டென்று எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். பின்னாலேயே பையனும் போனான்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் நாற்காலியை விசிறிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாங்க" என்றாள்.