குரல் தெளிவு

"ஏங்க, அந்த டப்பாவைக் கொஞ்சுனது போதும், சாப்பாடு ஆறுது. உங்க வாசகருங்களா வந்து சூடு பண்ணித் தருவாங்க?" மனைவியின் குரல் அதட்டியது.

"இதோ வந்துட்டேன்மா" என்றவர் நகரவில்லை. மின்னணுச் சாதனங்களை அலசி வலைப்பதிவு எழுதுகிற பெரிய மனிதர் அல்லவா! மேசையில் புது ஸ்பீக்கர் ஒன்று இருந்தது.

மகள் கைபேசியை நீட்டினாள். "அப்பா, 'ஆசாமி விலைபோயிட்டார்'னு எழுதறாங்க. ஒரு வருஷமா எந்த ஸ்பீக்கர் வந்தாலும் குரல் தெளிவுக்குப் பத்துக்குப் பத்து போடறீங்க. இருக்கிற நாலு வாசகரும் ஓடிடுவாங்க."

"நாலு பேரா இருக்காங்க? பரவாயில்லையே!"

"விளையாடாதீங்கப்பா. இத்தனை வருஷம் சேர்த்த பேரு போயிடும். இது கரகரங்குது, அஞ்சு போடுங்க."

"அப்படியா? இன்னொரு தடவை கேட்டுடுவோம்."

பொத்தானை அழுத்தினார். "ஏங்க, அந்த டப்பாவைக் கொஞ்சுனது போதும்..." என்றது ஸ்பீக்கர்.

"இதோ வந்துட்டேன்மா" என்றார் மறுபடியும்.

அது எந்தக் குரல் என்று மகளுக்குத் தெரியும். போன வருடம் அவர் மைக் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அம்மா வாசலில் நின்று திட்டியது அப்படியே பதிவாகிவிட்டது. மறுநாள் அம்மா இல்லை. எந்த ஸ்பீக்கர் வந்தாலும் அவர் இதைத்தான் ஓடவிட்டுப் பார்க்கிறார்.

"எனக்கு ஒரு எழுத்து விடாம கேக்குதே. எப்படிம்மா குறைக்கிறது?"

கரகரப்பு நன்றாகவே கேட்டது. மகள் வலைப்பதிவை வெளியிடும் பொத்தானைத் தானே அழுத்தினாள். பத்துக்குப் பத்து அப்படியே இருந்தது.