புதுப்பிப்புக்கு ஒரு முகம்

தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் பொருத்தும் உரிமம் அவள் கணவர் பெயரில் இருக்கிறது. புதுப்பிக்க அவரே நேரில் வந்தாக வேண்டும். அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு வீட்டு வாசலை மிதிக்காத கொழுந்தன், இன்று உரிம அலுவலகத்தில் சக்கர நாற்காலி முன் குனிந்து, பாசம் பொங்க அண்ணனுக்குத் தலை வாரிவிடுகிறான். ஜன்னல் வெயிலில் அவர் கன்னத்து எச்சில் மின்னுகிறது. "தண்ணி," என்கிறார். வாயில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். அவள் பாட்டிலைத் திறக்கிறாள். "இருங்க அண்ணி, போட்டோ எடுத்துடட்டும். சட்டை நனைஞ்சிடும்." அந்த உரிமத்தை வைத்துக் கடையை நடத்துபவன் அவன்; அவள் பாட்டிலை மூடுகிறாள். ஃப்ளாஷ் அடிக்கிறது. பின்கழுத்தைத் தாங்கியிருந்த கொழுந்தனின் கை உடனே விலக, கணவரின் தலை சரிகிறது. "அப்பாடா, அதை இப்படிக் கொடுங்க அண்ணி," என்று பாட்டிலை வாங்குகிறான். கணவரின் உதடுகள் பிரிந்து காத்திருக்கின்றன. கொழுந்தன் அண்ணாந்து மடமடவென்று குடிக்கிறான்.