வீரனுக்குத்தான் பெண்

அனயோ கொண்டுவந்த கள்ளில் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டால் போதும், கல்யாணம் உறுதி என்று நினைத்துக்கொண்டாள் உலோமா.

முகம் காட்டவும் மனமில்லாத அப்பாவின் குரல் மட்டும் உள்ளறையிலிருந்து கணீரென்று வந்தது. "கால்ல குண்டு பட்டதும் ஓடி வந்துட்டானாக்கும்?"

"பட்டாளத்துலயே போதும்னு அனுப்பிட்டாங்க மாமா," என்றான் அனயோ, கோலை ஊன்றியபடி வாசலில் நின்று.

"மாமாவா? நம்ம பயாஃப்ரா நாடே போர்ல பத்தி எரியுது, தொரைக்குக் கல்யாணம் கேக்குதோ? இன்னொரு காலு நல்லாத்தானே இருக்கு? என் பொண்ணு ஒரு வீரனுக்குத்தான். பயந்தாங்கொள்ளியோட கள்ளை நான் தொட மாட்டேன்."

அனயோ நொண்டியபடி தெருவில் இறங்கினான். அந்தக் குண்டே இதைவிட மரியாதையாகப் பட்டிருக்கும் என்று உலோமாவுக்குத் தோன்றியது. அவள் உள்ளறைக்குப் போனாள்.

பரண் மேலிருந்து அப்பாவின் தலை மெல்ல எட்டிப் பார்த்தது.

"பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவனுங்க போயிட்டானுங்களாம்மா?" குரல் கிசுகிசுப்பாகியிருந்தது. "அந்த ஏணியை எடுத்துப் போடு. ராத்திரியெல்லாம் இங்கயே குந்தி முதுகே போச்சு."

உலோமா ஏணியைத் தொடவில்லை.

"கனமா இருக்குப்பா," என்றாள் தாழ்ந்த குரலில். "தூக்கிப் போட ஒரு மருமகன் வரட்டும். அதுவரைக்கும் மேலயே இருங்க."