பெரிய சனிக்கிழமைப் புகை

நான் தீக்குச்சியை உரசப் போகும்போது ஸ்டானிஸ்லாஸ் கேட்டான்.

"இன்னா செக்ரட்டரி, காத்து எப்போ திரும்பும்னு உங்க நைனாவ ஒரு வார்த்தை கேட்டுகினியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் நைனா கட்டுமரக்காரர். நான் பி.யு.சி. படிக்கிறவன். நுரையீரலைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அறுபத்தொன்பதாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை. காலை பதினொரு மணி. ராயபுரம் கடற்கரை மணலில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அது நிறைய பீடிக்கட்டும் சிகரெட்டும்.

தபசுகாலம் தொடங்கும் விபூதிப் புதனன்று அந்த டின்னைக் கோயில் வாசலில் வைத்தவர்கள் மாணவர்களான நாங்கள் ஐந்து பேர்; எங்களுக்கு நான் செயலாளர். ஈஸ்டர் வரைக்கும் புகை வேண்டாம், கையில் இருப்பதைப் பெயர் எழுதி இதில் போடுங்கள் என்று வாலிபர்களிடம் சொன்னோம். வாசலில் மீன் விற்கிற சிலுவையம்மாள் அத்தைதான் டின்னுக்குக் காவல்.

முதலில் பெயர் எழுதிப் போட்டவன் ஸ்டானிஸ்லாஸ். துறைமுகத்தில் கரி இறக்குகிறவன். வயது இருபத்திரண்டு. டாக்டர் அவனுடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, இனி ஒரு பீடி பிடித்தாலும் என்னிடம் வராதே என்றிருந்தார்.

அவனைப் பார்த்துத்தான் மற்ற முப்பது பேரும் போட்டார்கள். அவன் விழுந்தால் வரிசையாக எல்லாரும் விழுவார்கள்.

அதனால் அத்தனை நாளும் அவனைக் காவல் காத்தேன். வேலை விட்டு வரும்போது வழிமறித்து வாயை முகர்ந்துகூடப் பார்த்திருக்கிறேன். கரி படிந்த முகத்தோடு நின்று, கோபப்படாமல் ஊதிக் காட்டுவான். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

டின்னில் ஒரே ஒரு சிகரெட் பெட்டி மட்டும் பெயரில்லாமல் கிடந்தது. அதை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பத்து நிமிஷம் பேசினேன். பெயர் சொல்ல வெட்கப்படுகிறவன் செய்வது என்ன தபசு என்று கேட்டேன். அத்தை செதில் சீவுவதை நிறுத்தி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சீவத் தொடங்கினாள்.

எரிப்பதும் என் யோசனைதான். குழி தோண்டிப் புதைத்துவிடலாமே என்றார் பங்குச் சாமியார். எரித்தால்தான் மனதில் பதியும் என்று அவருக்கும் பாடம் சொன்னேன்.

காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசியது. எனவே எல்லாரையும் கரைப் பக்கமாக, வரிசையாக நிறுத்தினேன். நான் வரிசைக்கு முன்னால். செயலாளர் அல்லவா.

காய்ந்த ஓலையைத் திணித்துப் பற்ற வைத்தேன். புகை எழுந்து கடல் பக்கம் போனது. கைதட்டினார்கள்.

காற்று திரும்பியது.

தினமும் அந்த நேரத்துக்குத் திரும்புகிற காற்றுதான். எங்கள் தெருவில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

முப்பத்தொரு பேர் நாற்பது நாளாக விட்டு வைத்திருந்த புகை, மொத்தமாக அவர்கள் முகத்துக்கே வந்து சேர்ந்தது. ராயபுரத்தில் ஒரே சமயத்தில் இத்தனை பேரைப் புகை பிடிக்க வைத்தவன் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

எல்லாருடைய கண்ணும் ஸ்டானிஸ்லாஸ் மேல் போனது.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டினான். நெருப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று இருமினான்.

அடுத்தவன் திரும்பினான். அதற்கடுத்தவனும். கொஞ்ச நேரத்தில் முப்பத்தொரு முதுகுகள்.

நான் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கூட இருந்த மாணவர்கள் நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து அவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பீடிப் புகையின் வாசம் வேறு, சிகரெட்டின் வாசம் வேறு. அத்தனை புகையிலும் அந்தப் பெயரில்லாத பெட்டியை மட்டும் என் மூக்கு தனியாகக் கண்டுபிடித்தது. கண்டுபிடிக்காமல் என்ன? வாங்கியவன் நான். விடியற்காலையில், தெருவில் யாரும் இல்லை என்று பார்த்து டின்னில் போட்டவனும் நான்.

நெஞ்சு நிறைய இழுத்தேன். ஒரு தரம். இன்னொரு தரம்.

மூன்றாவது தரம் இழுப்பதற்குள் தலையில் சில்லென்று தண்ணீர் விழுந்தது. செதில்களோடு.

கண்ணைத் திறந்தேன். சிலுவையம்மாள் அத்தை காலி அலுமினிய அன்னக்கூடையோடு நின்றாள். மீன் கழுவிய தண்ணீரைக் கடலில் ஊற்ற வந்தவள். நெருப்பு என்னிடமிருந்து நாலடி தள்ளி, ஒரு சொட்டும் படாமல் எரிந்துகொண்டிருந்தது.

முதுகு காட்டி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் துண்டுக்குள்ளேயே சிரித்தான்.

"நெருப்ப அணைக்கலாம்னு வந்தேன், கை தவறிடுச்சு கண்ணு," என்றாள் அத்தை, எல்லாருக்கும் கேட்கும்படி.

பிறகு முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். காதோரம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "இன்னும் ஒரு நாள்தான் கீது. போய்க் குளி."

போனேன்.

அத்தை தவறிவிட்டதாகச் சொன்ன கை, முப்பது வருஷமாக அரிவாள்மனையில் வஞ்சிரம் நறுக்குகிற கை. பத்து விரலும் முழுசாக இருக்கின்றன.