மணிக்கூண்டில் காணாமல் போன ஏழு

“ஏழைக் காணோம் துவான்.”

பெயிண்டர் சப்ரி வந்து நின்றதும் நகராண்மைக் கழக அதிகாரி ஹம்டானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று மூன்று. இன்று ஏழு.

சந்தை முனை மணிக்கூண்டின் முகம் வெயிலிலும் மழையிலும் உரிந்து, எண் ஒன்றுகூட இல்லாமல் மொட்டையாகிவிட்டிருந்தது. முள் இரண்டும் வழி தெரியாத ஆள் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. புதுப்பித்த கூண்டுக்கு வெள்ளிக்கிழமை திறப்பு விழா, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் வருகிறார். சப்ரி பகலெல்லாம் சாரத்தில் தொங்கிக்கொண்டு எண்களை எழுதுவான். விடிந்து பார்த்தால் ஏதாவது ஒன்றை யாரோ பெயிண்டைக் கரைக்கிற தின்னரைப் போட்டுத் துடைத்திருப்பார்கள்.

யார் வேலை என்பதில் ஹம்டானுக்குச் சந்தேகமே இல்லை. மணிக்கூண்டுக்கு அடியில் நாசி லெமாக் சோறும் கோப்பியும் விற்கிற ரொக்காயாதான். விழாவுக்குள் கடையை எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு போயிருந்தது. தாராள மனசோடு மாற்று இடமும் கொடுத்திருந்தார்கள். லாரி நிறுத்தத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளோடு தொட்டியாக. அங்கே ஈதான் கோப்பி குடிக்க வரும்.

எண் எழுதி முடியாவிட்டால் விழா தள்ளிப்போகும். விழா தள்ளிப்போனால் கடை தப்பும். சரியாகத்தானே வருகிறது?

“மக்சிக்,” என்று அத்தை முறை வைத்துக் கூப்பிட்டார் ஹம்டான். “மேல இருக்கற பெயிண்டை நீங்கதான் அழிக்கறீங்களா?”

“என் முட்டியைப் பாருங்க துவான். ஸ்டூல் மேல ஏறவே ஆகாது. நானா சாரத்துல ஏறுவேன்?”

“ஆள் வச்சு ஏத்தியிருப்பா லா,” என்றார் ஊரே தவுக்கே என்று கூப்பிடும் எதிர்க் கோப்பிக் கடை முதலாளி கொக் வா, விசிறிக்கொண்டே. “ஏய் ரொக்காயா, உன் அடுப்புப் புகையில என் கடையே நாறுது. வெள்ளிக்கிழமையோட போய்ச் சேரு.”

“உன் கோப்பி நாத்தத்துக்கு என் புகை எவ்வளவோ தேவலை.”

“பேச்சைக் கேட்டீங்களா துவான்?”

தினமும் காலையில் இந்தக் கச்சேரிதான். ரொக்காயாவின் கடையை எடுக்கச் சொல்லி மனுப் போட்டதே கொக் வாதான். ஊருக்கே தெரியும். ஒரு பொம்பளை பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு எவ்வளவு நிம்மதியாக விசிறிக்கொள்கிறார், மகராசன் என்று ஹம்டான் நினைத்துக்கொண்டார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். அதுவும் டத்தோ வருகிற வாரத்தில்.

வியாழன் விடிகாலையில் ஹம்டானே சாரத்தில் ஏறி, தார்ப்பாய்க்குப் பின்னால் பதுங்கினார். பதவி உயர்வு வேண்டுமென்றால் குரங்கு வேலையும் செய்யத்தான் வேண்டும்.

சற்று நேரத்தில் கீழே மூங்கில் கிறீச்சிட்டது. யாரோ மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். முதலில் தொப்பை வந்தது. பின்னாலேயே தின்னர் டப்பாவும் கந்தல் துணியுமாகக் கொக் வா.

“தவுக்கே, நீங்களா?”

கொக் வா அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

“கடையை எடுக்கச் சொல்லி மனுப் போட்டதும் நீங்க, விழாவைக் கெடுக்கறதும் நீங்களா? என்ன விளையாட்டு இது?”

“வருஷா வருஷம் அவ மேல மனுப் போடறேன் துவான். ஒண்ணுக்காவது பதில் வந்திருக்கா? நீங்க ஒண்ணும் செய்யமாட்டீங்கன்னு உங்களை நம்பித்தானே எழுதினேன். திடீர்னு இப்படிக் கழுத்தறுப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

ஹம்டானுக்குச் சுருக்கென்றது. “ஆபீசுக்கு வந்து மனுவைத் திரும்ப வாங்கிக்க வேண்டியதுதானே?”

“வாங்கினா அவளுக்குத் தெரிஞ்சிடும். நன்றி சொல்ல வந்து நிப்பா. அப்புறம் பாத்தா சிரிக்கணும், மரியாதையாப் பேசணும். அந்தக் கொடுமையை யார் தாங்கறது?”

ஹம்டான் அவர் கையிலிருந்த கந்தலைப் பிடுங்கிக்கொண்டார்.

“சரி, இறங்குங்க. உங்க மனு தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிடறேன். எங்க ஆபீசுல அதை யாரும் சந்தேகப்படமாட்டாங்க. மனு இல்லேன்னா உத்தரவும் இல்லை. விழாவும் நடக்கட்டும், மக்சிக் கடையும் இருக்கட்டும். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவங்க போனா வியாபாரம் பூரா உங்களுக்குத்தானே? அப்புறம் ஏன் இந்தப் பாடு?”

கொக் வா சாரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சம்சாரம் போனதுக்கப்புறம் என்னை ஏன்னு கேட்டுத் திட்டறதுக்கு இந்த ஊர்ல அவ ஒருத்திதான் இருக்கா துவான்.”