காலி மாத்திரை அட்டை

கட்டிலைச் சுற்றித் தொங்கும் நீலக் கொசுவலையை நர்ஸ் தொட்டுப் பார்க்கிறாள். போன மாதம் அவளே கொடுத்துவிட்டுப் போன வலை. கட்டம் கட்டமான மடிப்புகள் இன்னும் கலையவில்லை. ஜன்னல் வெயில் ஒவ்வொரு மடிப்பையும் காட்டிக்கொடுக்கிறது. “தினமும் இதுக்குள்ளதான் படுக்கறோம் சிஸ்டர்” என்கிறாள் வீட்டுக்காரி, நர்ஸ் கேட்பதற்கு முன்பே. மலேரியாவில் படுத்து எழுந்த அவள் கணவன் நாற்காலியில் உட்கார்ந்து நர்ஸின் பையையே முறைக்கிறான். மறுபடி விரலில் குத்திவிடுவாளோ என்று இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகியிருக்கிறான். “எடுக்கிற ரத்தத்தை என்னதான் பண்றீங்க?” என்கிறான். “விக்கறோம். உங்க ரத்தத்துக்கு நல்ல கிராக்கி” என்கிறாள் நர்ஸ், சிரிக்காமல். “மாத்திரையெல்லாம் போட்டீங்களா?” “முழுசா போட்டுட்டாரு” என்று மனைவி அடுப்படியிலிருந்து காலி அட்டையைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். நர்ஸ் அதை வெளிச்சத்தில் திருப்புகிறாள். பாதிக் குழிகளின் கிழிசலில் அடுப்படிப் பிசுக்கு ஏறியிருக்கிறது. மீதிப் பாதியில் வெள்ளித்தாள் இப்போதுதான் கிழித்ததுபோல் பளபளக்கிறது. அப்போதுதான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்ன மகளைக் கவனிக்கிறாள். நெற்றியில் கை வைக்கிறாள். கொதிக்கிறது. “பாப்பாவுக்கு எப்பலேருந்து காய்ச்சல்?” “நேத்திலேருந்துதான். பயப்பட ஒண்ணுமில்ல சிஸ்டர், மாத்திரை குடுத்துட்டேன்.” “எந்த மாத்திரை?” அம்மாவின் கண்கள் நர்ஸின் கையிலிருக்கும் அட்டைக்குப் போய் அங்கேயே நிற்கின்றன. வலை காற்றில் லேசாக உப்பி அடங்குகிறது. கணவன் கக்கத்திலிருந்து கைகளை மெதுவாக உருவி, மகளின் விரலைப் பிடித்து நர்ஸின் முன்னால் நீட்டுகிறான்.